புல்தரைக்கு அடியில் ஒரு பழைய டேங்க்

நியூ ஜெர்சியின் பழைய குடியிருப்புகளில் வீடு வாங்கப் போகிறவர்கள் கூரையைப் பார்க்கிறார்கள், சமையலறையைப் பார்க்கிறார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று விசாரிக்கிறார்கள். வீட்டின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி, செடிகளுக்கு நடுவே, மண்ணிலிருந்து எழும்பித் தலை வளைந்து நிற்கும் இரும்புக் குழாயை அநேகமாக யாரும் கவனிப்பதில்லை. இரண்டு விரல் நுழையும் அகலம், மேலெல்லாம் துரு. எதற்கும் உதவாமல் விட்டுப்போன பழைய குழாய் என்றுதான் தோன்றும். ஆனால் அனுபவமுள்ள வீட்டு ஆய்வாளர் அதைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுவார். அந்தக் குழாய் மண்ணுக்குள் எங்கே போகிறது என்று தெரியாமல் அடுத்த அறைக்கு நகரமாட்டார்.

பெரும்பாலும் அது போய்ச் சேரும் இடம், புல்தரைக்கு இரண்டு மூன்று அடி ஆழத்தில் புதைந்து கிடக்கும் ஓர் எஃகு டேங்க். ஒரு காலத்தில் அந்த வீட்டைக் குளிர்காலம் முழுவதும் சூடாக வைத்திருந்த எண்ணெய் அதில்தான் இருந்தது. சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. அந்த டேங்க் கசிந்திருந்தால் மண்ணைச் சுத்தம் செய்யவே பல ஆயிரம் டாலர் போகும். கசிவு நிலத்தடி நீரைத் தொட்டிருந்தால் செலவு லட்சத்தைத் தாண்டவும் கூடும். கசிந்ததா இல்லையா என்பதைப் புல்தரை மீது நின்று பார்த்துச் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிப்பதே அங்கு தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது.

நியூ ஜெர்சியிலும் டொரண்டோவிலும் ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வீடு வாங்கி வாழ்கின்றன. ஆனால் வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரிப்பது என்பதே நம் ஊரில் வளர்ந்தவர்களுக்குப் பழக்கமில்லாத விஷயம். ஆகவே சற்று முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

நிலக்கரி போய் எண்ணெய் வந்தது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பெரும்பாலான வீடுகள் நிலக்கரியால்தான் சூடேற்றப்பட்டன. விடியற்காலையில் எழுந்து நிலவறைக்கு இறங்கி, உலையில் கரியை அள்ளிப் போட்டு, முந்தைய நாள் சாம்பலை வாரி வெளியே கொட்டவேண்டும். எண்ணெய் பர்னர் வந்ததும் அந்தப் பாடு ஒழிந்தது. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் வேண்டிய வெப்பத்தை வைத்துவிட்டால் போதும். குளிர் ஏறும்போது பர்னர் தானாகப் பற்றிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகர்களில் வரிசை வரிசையாக எழுந்த வீடுகளில் இந்த ஏற்பாடுதான் வசதிக்கு அடையாளமாக இருந்தது.

எரிக்கப்படும் எண்ணெய் கிட்டத்தட்ட டீசல்தான். சாலையில் ஓடும் வண்டிகளுக்கான டீசலுக்கு வரி உண்டு, வீட்டு எண்ணெய்க்கு அந்த வரி இல்லை. இரண்டையும் பிரித்தறிய வீட்டு எண்ணெயில் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். அதைச் சேமித்து வைக்கும் டேங்க் நிலவறையில் இருந்தால் வழக்கமாக 275 காலன், அதாவது சுமார் 1,040 லிட்டர் பிடிக்கும். மண்ணில் புதைத்தவை பெரும்பாலும் 550 காலன் அல்லது 1,000 காலன். ஆயிரம் காலன் என்றால் 3,785 லிட்டர். புதைத்துவிட்டால் வீட்டுக்குள் இடத்தை அடைக்காது, முற்றத்தின் அழகைக் கெடுக்காது, தீப்பிடிக்கும் பயமும் குறைவு. அன்றைக்கு அது நியாயமான முடிவாகத்தான் தெரிந்தது.

பிறகு தெருவுக்குத் தெரு இயற்கை எரிவாயுக் குழாய் வந்தது. கனடாவின் வான்கூவர் பகுதிக்கு அது 1950-களின் பிற்பகுதியில் வந்தது. அமெரிக்காவின் பல புறநகர்களுக்கு அதற்குப் பின்னும் வந்துகொண்டே இருந்தது. எரிவாயுவுக்கு மாறிய வீட்டுக்காரர்கள் பர்னரைக் கழற்றினார்கள், செப்புக் குழாய்களை அறுத்தார்கள். மண்ணுக்குள் இருந்த டேங்கைத் தோண்டி எடுக்க யாரும் கேட்கவில்லை, சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. சிலர் அடியில் தேங்கிய எண்ணெயைக்கூட வெளியேற்றாமல் விட்டார்கள். வீடு கைமாறியது, மறுபடியும் கைமாறியது. மூன்றாவது உரிமையாளருக்கு அப்படி ஒரு டேங்க் இருப்பதே தெரியாது.

எண்ணெயை இன்னும் கைவிடாத வீடுகளும் நிறைய. எண்ணெயால் வீட்டைச் சூடாக்கும் அமெரிக்கக் குடும்பங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வடகிழக்கில்தான் இருக்கின்றன. மெய்ன் மாநிலத்தில் ஏறத்தாழ பாதி வீடுகள் எண்ணெயை நம்பியிருக்கின்றன.

எஃகு ஏன் ஓட்டையாகிறது

அந்தக் காலத்து டேங்குகள் சில மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரண எஃகுத் தகட்டால் ஆனவை. மேலே ஒரு பூச்சு இருக்கும். இறக்கும்போது கல் பட்டு அது கீறியிருக்கும். ஈரமான மண்ணில் கிடக்கும் எஃகின் ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் இடையே மெல்லிய மின்னோட்டம் உண்டாகும். மின்னோட்டம் எஃகை விட்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் இரும்பு கரையத் தொடங்கும். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு மண்ணில் இறங்கினால் வேகம் கூடும். டேங்கைச் சுற்றிக் கரிச்சாம்பலும் இடிபாடும் போட்டு மூடியிருந்தால் இன்னும் கூடும்.

உள்ளிருந்தும் அரிப்பு நடக்கும். எண்ணெய் குறைந்த டேங்கில் காற்று நிறைந்திருக்கும். அந்தக் காற்றின் ஈரம் குளிர்ந்த தகட்டில் துளியாகப் படிந்து வழியும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கும். தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கும் விளிம்பில் நுண்ணுயிர்கள் பெருகி அமிலத்தை உண்டாக்கும். வெளியே பார்க்கப் பளிச்சென்று இருக்கும் டேங்கின் அடித்தகடு உள்ளிருந்தே மெலிந்துகொண்டிருக்கும்.

துரு தகடு முழுவதையும் சமமாகத் தேய்த்தால் டேங்க் நெடுங்காலம் தாங்கும். ஆனால் அது ஒரே புள்ளியைப் பிடித்துக்கொண்டு குடையும். மற்ற இடமெல்லாம் உறுதியாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் குண்டூசி முனையளவு துளை விழும். அந்தத் துளையைத் துருவும் கசடும் சில காலம் அடைத்துக்கொண்டும் இருக்கலாம். இதனால்தான் வயதை மட்டும் வைத்து எந்த டேங்கையும் நல்லது என்றோ கெட்டது என்றோ தீர்ப்புச் சொல்ல முடிவதில்லை. 60 ஆண்டு கழித்து ஓட்டையில்லாமல் வெளியே வரும் டேங்கும் உண்டு; 20 ஆண்டில் சல்லடையாகும் டேங்கும் உண்டு.

வெளியேறும் எண்ணெய் முதலில் நேராகக் கீழே இறங்கும். களிமண்ணாக இருந்தால் டேங்கைச் சுற்றியே தேங்கி நிற்கும். மணலாக இருந்தால் விரைந்து இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டு, அதன் மேல் மிதந்து, நீர் போகும் திசையில் பக்கத்து மனைக்கும் போகும். நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பெரும்பாலும் மணல் பூமி. அங்கே நாஸாவ், சஃபோக் கவுன்டிகளில் வாழும் ஏறத்தாழ 29 லட்சம் பேர் குடிப்பது காலடியில் ஊறும் நீரைத்தான். 1978-லேயே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை மாற்று ஆதாரம் இல்லாத குடிநீர் ஊற்றாக அறிவித்தது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு முற்றத்தின் கசிவு அந்த ஒரு குடும்பத்தின் கவலையாக மட்டும் நின்றுவிடாது.

முதலில் டேங்கைத் தேட வேண்டும்

கசிவைப் பரிசோதிக்கும் முன் டேங்க் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று கண்டறிய வேண்டும். அமெரிக்காவில் இந்தத் தேடலுக்கு 'டேங்க் ஸ்வீப்' என்று பெயர். பழைய வீடு வாங்குகிறவர்கள் விலை ஒப்பந்தத்துக்குப் பின், பத்திரத்துக்கு முன் இதைச் செய்துகொள்கிறார்கள்.

வேலை கண்ணிலிருந்து தொடங்குகிறது. வீட்டுக்கு வெளியே அந்தத் தலை வளைந்த காற்றுப்போக்குக் குழாயும், தரைமட்டத்தில் எண்ணெய் நிரப்பும் வாயின் மூடியும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். குழாயை அறுத்து எடுத்திருந்தாலும் தடயம் எங்காவது இருக்கும். நிலவறைச் சுவரில் இரண்டு சிறிய செப்புக் குழாய்கள் வெட்டி மடக்கப்பட்டு நீட்டிக்கொண்டிருக்கும். அல்லது சிமென்ட் பூசி அடைத்த இரண்டு துளைகள் தெரியும். அந்த இரண்டில் ஒன்று பர்னருக்கு எண்ணெய் கொண்டுவந்தது, மற்றது எரியாமல் மிஞ்சியதைத் திருப்பிக் கொண்டுபோனது. ஊராட்சி அலுவலகத்தில் பழைய அனுமதிச் சீட்டுகளையும் தேடுவார்கள். டேங்க் வைத்ததற்கோ எடுத்ததற்கோ ஒரு தாள் அங்கே கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பிறகு கருவி வரும். உலோகம் காட்டும் கருவியை முற்றத்தில் கோடு கோடாக நடத்திக்கொண்டு போவார்கள். கம்பி போட்ட கான்கிரீட், இரும்பு வேலி, பழைய தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் அது குரல் கொடுக்கும் என்பதால் சந்தேகமான இடத்தில் தரை ஊடுருவும் ரேடாரை ஓட்டுவார்கள். சக்கரம் வைத்த பெட்டி. தள்ளிக்கொண்டே போனால் மண்ணுக்குள் அனுப்பிய அலை எதில் பட்டுத் திரும்புகிறது என்பதைத் திரையில் காட்டும். உருளையான டேங்க் இருந்தால் திரையில் ஒரு வளைவு எழும். ஈரமான களிமண்ணில் இந்த அலை ஆழமாக இறங்காது. எனவே எந்தக் கருவியும் 'இங்கே டேங்க் இல்லவே இல்லை' என்று நூற்றுக்கு நூறு உத்தரவாதம் தருவதில்லை. இரண்டு கருவிகளும் பழைய பதிவேடும் சேர்ந்து சொன்னால் நம்பலாம்.

இருக்கிறது, கசிகிறதா?

பயன்பாட்டிலுள்ள டேங்க் என்றால் சில அறிகுறிகளை வீட்டுக்காரரே கவனிக்கலாம். எண்ணெய் விநியோகிப்பவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: எவ்வளவு குளிருக்கு இந்த வீடு எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்று. அந்தக் கணக்கை வைத்துத்தான் எப்போது லாரி அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள். குளிர் அப்படியே இருக்க எண்ணெய் மட்டும் முன்னைவிட வேகமாகத் தீர்ந்தால், ஒன்று பர்னரில் கோளாறு, இல்லையென்றால் எண்ணெய் வேறெங்கோ போகிறது. பர்னர் அடிக்கடி அணைந்து, வடிகட்டியில் தண்ணீர் சேர்ந்தாலும் சந்தேகப்பட வேண்டும். ஓட்டை வழியாக எண்ணெய் வெளியே போவதைப் போலவே நிலத்தடி நீர் உள்ளே வரவும் முடியும்.

அந்தத் தண்ணீரைக் கண்டுபிடிக்கும் வழி எளிமையானது. அளவு குறித்த நீளமான குச்சியின் அடிப்பகுதியில் ஒரு பசையைத் தடவி, நிரப்பும் வாய் வழியாக அடிவரை இறக்குகிறார்கள். பசைக்கு எண்ணெய் பட்டால் ஒன்றும் ஆகாது. தண்ணீர் பட்டால் நிறம் மாறும். சில நொடி பொறுத்து மேலே எடுத்தால், நிறம் மாறிய உயரமே அடியில் நிற்கும் தண்ணீரின் உயரம். ஓரிரு சென்டிமீட்டர் என்றால் காற்றின் ஈரம் படிந்து சேர்ந்ததாக இருக்கலாம். வெளியேற்றிய பிறகு மறுபடியும் சேர்ந்தாலோ, மழைக்குப் பின் உயர்ந்தாலோ, டேங்க் மண்ணோடு பேசத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது இறுக்கப் பரிசோதனை. முன்பு டேங்குக்குள் காற்றழுத்தம் கொடுத்து, அழுத்தம் குறைகிறதா என்று பார்ப்பார்கள். மெலிந்த தகட்டுக்கு இது ஆபத்து. அடைபட்டிருந்த துளை திறந்துகொள்ளலாம், பரிசோதனையே கசிவை உண்டாக்கிவிடலாம். இன்னொரு முறையில் டேங்கிலிருந்து சிறிது காற்றை உறிஞ்சி லேசான வெற்றிடத்தை உண்டாக்கி, உள்ளே நுண்ணிய ஒலிவாங்கியை இறக்குகிறார்கள். எண்ணெய் மட்டத்துக்கு மேலே துளை இருந்தால் காற்று உள்ளே நுழையும் சீறல் கேட்கும். கீழே இருந்தால் குமிழி எழும் ஓசை கேட்கும்.

எண்ணெய் மட்டத்தை நுணுக்கமாக அளந்து பார்க்கும் முறையும் உண்டு. இதில் வெப்பநிலை ஏமாற்றும். ஆயிரம் காலன் எண்ணெய் ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் சுமார் 3 லிட்டர் சுருங்கும். காலையில் லாரியில் வந்து இறங்கிய எண்ணெய் மாலைக்குள் மண்ணின் குளிருக்கு வரும்போது மட்டம் இறங்கும். அதைக் கசிவு என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே எண்ணெய் நிரப்பிய உடனே யாரும் இந்தப் பரிசோதனையைச் செய்வதில்லை.

வணிக டேங்குகளுக்கான அமெரிக்க மத்திய விதி, இத்தகைய பரிசோதனை மணிக்கு 0.1 காலன் கசிவைக் கண்டறியும் திறன் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. அதாவது மணிக்கு 380 மில்லி லிட்டர். சிறிய அளவாகத் தோன்றும். ஆனால் நாள் ஒன்றுக்கு அது 9 லிட்டர், ஓராண்டில் 3,300 லிட்டர். அதைவிட மெல்லிய கசிவு பரிசோதனைக்குத் தப்பிவிடலாம்.

இன்னொரு குறையும் இருக்கிறது. பானை இன்று ஒழுகுகிறதா என்பதைத்தான் இறுக்கப் பரிசோதனை சொல்லும். நேற்றுவரை தரையில் கொட்டியது எவ்வளவு என்று சொல்லாது. நியூ ஜெர்சியின் மோரிஸ்டவுனில் ஒரு வணிக வளாகத்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அங்கிருந்த சலவைக் கடையின் நீராவிக் கொதிகலனுக்கு எண்ணெய் தந்த டேங்க் மண்ணில் புதைந்திருந்தது. 2003-ல் அருகே தோண்டிய கண்காணிப்புக் கிணற்றில் எண்ணெய் தென்பட்டது. டேங்கை ஆராய்ந்தால் அதில் ஓட்டையே இல்லை. எண்ணெய் நிரப்பும் குழாயும் காற்றுப்போக்குக் குழாயும்தான் நீளவாக்கில் அரித்துப் பெரும் ஓட்டைகளாகக் கிடந்தன. லாரி வந்து நிரப்பிய ஒவ்வொரு முறையும் எண்ணெயில் ஒரு பங்கு மண்ணுக்குள் போயிருக்கிறது. 1988-லிருந்தே அப்படி நடந்திருக்கக்கூடும் என்று வழக்கில் பதிவானது. எண்ணெய் விநியோகித்த நிறுவனங்கள் மீது வளாக உரிமையாளர் தொடுத்த வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 ஜனவரியில் அந்த நீதிமன்றம், சுத்தம் செய்த செலவில் பங்கு கேட்கும் இத்தகைய வழக்குகளுக்குக் கால வரம்பு கிடையாது என்று தீர்ப்பளித்தது.

டேங்க் நல்லதாக இருந்தும் மண் கெட்டுப்போகும் வழிகள் இன்னும் உண்டு. எண்ணெய் நிரப்பும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறி ஒரு விசில் ஒலிக்கும்; எண்ணெய் நிறையும் நேரத்தில் விசில் நின்றுவிடும். லாரிக்காரர் அந்த ஒலிக்குக் காது கொடுத்துத்தான் நிரப்புகிறார். விசில் கெட்டுப்போய், அதைக் கவனியாமல் நிரப்பினால் எண்ணெய் பொங்கி வழிந்து சுற்றியுள்ள மண்ணில் இறங்கும். இதுவும் இறுக்கப் பரிசோதனையில் தெரியாது.

மண்தான் சாட்சி

எனவே அனுபவமுள்ளவர்கள் கடைசியில் மண்ணைத்தான் கேட்கிறார்கள். தோண்டும் முன், அமெரிக்காவில் 811 என்ற எண்ணை அழைத்து மின்கம்பி, எரிவாயுக் குழாய் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்வது கட்டாயம். பிறகு டேங்கின் இரு பக்கமும் முனைகளும் ஒட்டிய இடங்களில் கைத் துளைப்பானை இறக்குவார்கள். நான்கு அடி விட்டமுள்ள டேங்க் இரண்டடி மண்ணுக்குக் கீழே இருந்தால் அதன் அடிவயிறு ஆறடி ஆழத்தில் இருக்கும். ஆகவே துளை ஆறடியைத் தாண்டி எட்டடிவரை போகவேண்டும். மேலே நான்கடி மண்ணை எடுத்துப் பார்த்துவிட்டுச் சுத்தம் என்று எழுதித் தந்தால் அந்த அறிக்கைக்கு மதிப்பில்லை.

துளைப்பான் மேலே வரும்போது முதலில் மூக்குதான் சொல்லும். டீசல் வாடை தெளிவாக வந்தால் சந்தேகமே வேண்டாம். மண் சாம்பல் நிறமாகவோ கறுத்தோ இருக்கும். அந்த மண்ணில் ஒரு கரண்டியைக் கண்ணாடிக் குப்பித் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால், எண்ணெய் இருக்கும் பட்சத்தில் தண்ணீர்மேல் வானவில் நிறங்களில் ஒரு மெல்லிய படலம் மிதக்கும். ஆவியை அளக்கும் கையடக்கக் கருவியும் வைத்திருப்பார்கள். ஆனால் இந்த எண்ணெய் பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. அந்தக் கருவி குறைவாகக் காட்டுகிறது என்பதால் மண் சுத்தம் என்று ஆகிவிடாது. இறுதிச் சொல் ஆய்வகத்தினுடையது. குளிர்ப்பெட்டியில் வைத்து அனுப்பிய மாதிரிகளில் ஒரு கிலோ மண்ணுக்கு எத்தனை மில்லிகிராம் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் இருக்கிறது என்று அவர்கள் அளந்து சொல்வார்கள். மாநில அரசு வகுத்த வரம்போடு அதை ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டும்.

மண் சோதனையிலும் இடைவெளி உண்டு. டேங்குக்கு நேர் அடியிலிருக்கும் மண்ணைப் பக்கவாட்டிலிருந்து தொட முடியாது. முழு உண்மை தெரிய ஒரே வழி டேங்கை வெளியே எடுப்பதுதான்.

அதற்கு ஊராட்சியின் அனுமதி வேண்டும். மேல்மண்ணை அகற்றி, மேல்தகட்டை வெட்டித் திறந்து, மிச்ச எண்ணெயையும் அடியில் உறைந்திருக்கும் கசடையும் உறிஞ்சி எடுப்பார்கள். உள்ளே இறங்கித் துடைப்பவர் காற்றில் ஆக்சிஜன் போதுமா என்று அளந்த பிறகே இறங்கவேண்டும். சுத்தமான டேங்கை இயந்திரக் கை தூக்கி வெளியே வைக்கும். அதன் பின் நடப்பதுதான் ஆய்வின் உச்சம். ஒட்டியிருக்கும் மண்ணையும் துருவையும் சுரண்டி, அடித்தகட்டை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார்கள். நல்ல தகடு என்று நினைத்த இடத்தில் துருப் பொருக்கு உதிர்ந்ததும் மறுபக்க வெளிச்சம் தெரியும். குழியின் அடியிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் மண் மாதிரி எடுப்பார்கள். அதிகாரி பார்த்த பிறகுதான் குழியை மூடலாம்.

வீட்டை நீட்டிக் கட்டியதால் டேங்க் கட்டடத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தால், அதைச் சுத்தம் செய்து மணலோ கான்கிரீட் கலவையோ நிரப்பி அங்கேயே விட்டுவிடுவதும் உண்டு. முன்பு இப்படி மண்ணைச் சோதிக்காமலே நிரப்பிய டேங்குகள் பல. அத்தகைய வீட்டை விற்க வரும்போது வாங்குகிறவரின் வழக்கறிஞர் மண் அறிக்கை கேட்கிறார். நிரப்பியதற்கான ரசீது மட்டும் போதுவதில்லை.

சட்டமும் செலவும்

அமெரிக்க நாடாளுமன்றம் 1984-ல் நிலத்தடி எண்ணெய் டேங்குகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. விரிவான விதிகள் 1988-ல் வந்தன. பெட்ரோல் நிலையங்கள் பழைய டேங்குகளை எடுத்தது அந்த விதிகளால்தான். ஆனால் இருக்கும் இடத்திலேயே எரிப்பதற்காகச் சேமிக்கும் வீட்டு எண்ணெய் டேங்குகளுக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டது. பொறுப்பு மாநிலங்களிடம் போனது. விளைவாக, ஒரு மாநிலத்தில் கட்டாயமாக இருப்பது அடுத்த மாநிலத்தில் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

நியூ ஜெர்சியில் வீட்டு டேங்க் கசிந்தது தெரிந்தால் சுற்றுச்சூழல் துறைக்கு உடனே சொல்லவேண்டும். சுத்தம் செய்து முடித்ததும் 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று அத்துறை தரும் கடிதம்தான் வீட்டை விற்பதற்கான சாவி. நியூயார்க்கில் கசிவைக் கண்ட இரண்டு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மாசசூசெட்ஸ் டேங்கைவிடக் குழாயைக் குறிவைத்தது. சிமென்ட் தரைக்கு அடியில் உறையில்லாமல் ஓடும் செப்புக் குழாய்களே பல கசிவுகளுக்குக் காரணம் என்பதால், 2010-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் அவற்றுக்குப் பாதுகாப்பு உறையோ கசிந்தால் அடைத்துக்கொள்ளும் வால்வோ வேண்டும் என்றது. அத்தகைய வீடுகளுக்குக் கசிவுக் காப்பீடு வழங்க முன்வர வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கும் சொன்னது. சாதாரண வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் எண்ணெய்க் கசிவை விலக்கியே எழுதப்படுகிறது.

கனடாவின் ஒன்டாரியோ இன்னும் கண்டிப்பாக நடந்தது. 2002 மே 1-க்குள் நிலத்தடி வீட்டு டேங்குகள் பதிவு செய்யப்பட வேண்டும்; பதிவில்லாத டேங்குக்கு எண்ணெய் ஊற்றக் கூடாது என்றது. பிறகு வயதின் வரிசையில் 2006 முதல் 2009 வரை கெடு வைத்து, பாதுகாப்பில்லாத டேங்குகளை எடுக்கவோ மேம்படுத்தவோ வைத்தது.

அதே ஒன்டாரியோவில், கவார்த்தா லேக்ஸ் நகராட்சியில், 2008 டிசம்பரில் நடந்த ஒரு கசிவு, ஆய்வின் மதிப்பைக் கணக்காகவே காட்டுகிறது. ஏரிக்கரை வீடு ஒன்றில் எண்ணெய் நிரப்பிய மறுநாள் டேங்க் ஒழுகியது. இது நிலவறை டேங்க்தான்; ஆனால் காரணம் புதைந்த டேங்குகளுக்கும் பொதுவானது. அடியில் தங்கிய தண்ணீரும் நுண்ணுயிர்களும் உள்ளிருந்து அரித்திருந்தன. சில நூறு லிட்டர் எண்ணெய் வீட்டுக்கு அடியில் இறங்கி, மழைநீர் வடிகால் வழியாக ஸ்டர்ஜன் ஏரியை எட்டியது. தவறே செய்யாத நகராட்சிக்கும் தன் நிலத்தைச் சுத்தம் செய்ய உத்தரவு வந்தது. 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மொத்தச் சேதம் ஏறத்தாழ 20 லட்சம் கனடிய டாலர். உரிமம் பெற்ற தொழில்நுட்பர் இல்லாமல் டேங்கைத் தானே பொருத்தியது உள்ளிட்ட குறைகளுக்காக வீட்டுக்காரர் மீது 60 சதவீதப் பொறுப்பையும், டேங்கை முறையாக ஆய்வு செய்யத் தவறியதற்காக எண்ணெய் நிறுவனத்தின் மீது 40 சதவீதப் பொறுப்பையும் நீதிமன்றம் சுமத்தியது. ஒழுங்கான ஓர் ஆய்வுக்கு ஆகியிருக்கும் செலவு இதன் பக்கத்தில் வைத்துப் பேசக்கூட முடியாத அளவு சிறியது.

வாங்குகிறவர் என்ன செய்ய வேண்டும்

பழைய வீடு வாங்குகிறவர், இன்று அது எரிவாயுவில் ஓடினாலும் டேங்க் தேடலைச் செய்துகொள்ள வேண்டும். வீட்டை விற்பவர் தனக்குத் தெரியாது என்று சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த உண்மை வாங்குகிறவரைக் காப்பாற்றாது. பத்திரம் முடிந்தபின் கண்டுபிடித்தால் முதலில் அரசு வந்து நிற்பது இப்போதைய உரிமையாளரின் வாசலில்தான்.

தேடலில் டேங்க் தென்பட்டால், வாங்கும் முன்பே அதை விற்பவர் செலவில் எடுத்து, மண் சோதனை அறிக்கையும் அரசின் கடிதமும் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது நல்லது. பரிசோதிக்கிறவரும் தோண்டிச் சுத்தம் செய்கிறவரும் ஒரே ஆளாக இருப்பதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். கசிவு இருக்கிறது என்று சொன்னால் லாபம் பெறுபவரே அதைச் சொல்லும் நிலை யாருக்கும் நல்லதல்ல.

ஏற்கெனவே டேங்க் உள்ள வீட்டில் குடியிருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீரைப் பார்த்துக்கொள்வதோடு நிற்காமல், டேங்க் நல்லதாக இருக்கும்போதே அதை எடுத்துவிட்டு நிலவறையிலோ முற்றத்திலோ கண்ணுக்குத் தெரியும்படி புதியதை வைப்பதே சிக்கனம். ஓட்டை விழாத டேங்கை எடுக்கச் சில ஆயிரம் டாலர் ஆகும். விழுந்த பிறகு எடுத்தால் அந்தத் தொகை தொடக்கம் மட்டுமே. எடுத்ததற்கான அனுமதிச் சீட்டு, மண் அறிக்கை, அரசின் கடிதம் மூன்றையும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருங்கள். அடுத்து அந்த வீட்டை வாங்க வருபவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.